ஏரியில் இறங்கிய விமானங்கள்

1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மெட்ராஸ் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனதைச் சென்ற வாரம் பார்த்தோம். 28 வருஷம் கழித்து அதே பயம் வான்வழியாக வந்தது. 1942 மார்ச்சில் அந்தமான் ஜப்பான் வசமானது. ஏப்ரல் 5 கொழும்பில் குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். அடுத்தது நாம்தான் என்று மெட்ராஸே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது.

விமானம் என்றாலே மீனம்பாக்கம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அந்த யுத்த காலத்தில் வடக்கே இரண்டு தளங்கள் இருந்தன. ஒன்று, சோழவரத்தில் தரையில் போட்ட ஓடுபாதை. இன்னொன்று, நாம் குடிக்கும் செங்குன்றம் ஏரியிலேயே!

பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ஆம் ஸ்குவாட்ரன் இந்த ஏரியை வைத்துத்தான் கேட்டலினா பறக்கும் படகுகளை ஓட்டியது. அடிப்பாகம் படகு, மேலே 104 அடி அகல இறக்கை, அதன்மேல் இரண்டு எஞ்சின். கிளம்பும்போது வயிறு தண்ணீரை அறைந்துகொண்டே ஓடும். இருபக்கமும் நீர் சுவராக எழும்பும். வேகம் கூடக்கூட உடல் மேலே வந்து, ஒரு கணத்தில் ஏரி விட்டுவிடும். பிறகு இறக்கை நுனிகளில் தொங்கும் மிதவைகள் மேலே மடங்கிக்கொள்ளும். வங்கக் கடலில் நீர்மூழ்கிகளைத் தேடுவது, கடலில் விழுந்தவர்களை மீட்பது, எதிரியின் கரையில் ரகசியமாக ஆட்களை இறக்குவது, எல்லாம் இங்கிருந்து நடந்தன.  

யுத்தம் முடிந்ததும் படகுகள் போயின. சோழவரம் ஓடுபாதைக்கு மட்டும் இன்னொரு வாழ்க்கை கிடைத்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்த ஆரம்பித்தது. விமானத்துக்காகப் போட்ட நீளப் பாதை, கார் முழு வேகம் பிடிக்கத் தோதாக இருந்தது. கோயம்புத்தூர் கரிவரதன் ஓட்டினார், கோண்டல் இளவரசர் ஓட்டினார். திருவொற்றியூரில் செய்த புல்லட் மோட்டார் சைக்கிள்களும் அதே பாதையில் சீறின. 1990 வாக்கில் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை வந்தபோது பந்தயமும் அங்கே போய்விட்டது.

அந்தப் புல்லட் பிறந்த திருவொற்றியூர் தொழிற்சாலைக்கு அடுத்த வாரம் போவோம்.