கம்மாலையிலிருந்து ரோபோ அணிக்கு

பாடசாலை ரோபோ அணிக்குப் பெயர் கொடுக்க வரும் பிள்ளையிடம் பொறுப்பாசிரியர் முதலில் கேட்பது, "ஏன் சேர விருப்பம்?" என்பதைத்தான். சான்றிதழுக்காக வருபவர் உண்டு. கூட்டாளி சேர்ந்துவிட்டான் என்று வருபவர் உண்டு. வீட்டு ரேடியோவைக் கழற்றிப் போட்டுவிட்டு, திருப்பிப் பூட்டத் தெரியாமல் வந்து நிற்பவரும் உண்டு. இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன் பிலிமத்தலாவைப் பக்கத்துப் பையன் ஒருவன் கம்மாலைக்குள் நுழைந்தபோது அவனிடம் யாரும் இப்படிக் கேட்கவில்லை. தகப்பன் செய்த வேலை மகனுக்கு, அவ்வளவுதான்.

கைவேலைக்குப் பஞ்சமில்லாத ஊர்ப்புறம் இது. கொழும்பு–கண்டி வீதியில் பிலிமத்தலாவையில் இறங்கி தவுலகலப் பக்கம் திரும்பினால் குத்துவிளக்கும் பித்தளைத் தட்டும் அடுக்கிய கடைகள் தென்படும். அந்தப் பக்கத்தில்தான் கடலாதெனிய விகாரை இருக்கிறது. கம்பளையை ஆண்ட நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், 1344இல் எழுந்த கற்கோயில். அதை வடிவமைத்தவர் தென்னிந்தியாவைச் சேர்ந்த கணேஸ்வராசாரி. அதே காலத்து லங்காதிலக விகாரையின் பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் கல்வெட்டு உண்டு. எம்பெக்கே தேவாலயத்துக்குப் போகிறவர்கள் தூண்களின் மரச்செதுக்கலைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அண்ணாந்து கூரையைப் பார்ப்பவர்கள் குறைவு. இருபத்தாறு கைமரங்கள் ஓரிடத்தில் வந்து கூட, ஒற்றை மர ஆப்பு அத்தனையையும் பிடித்து நிற்கிறது. மூட்டு கழன்றுவிட்டதென்று சூட்டுப்பசைத் துப்பாக்கியைத் தேடும் ரோபோ அணிப் பிள்ளைகளை ஒருநாள் அந்தக் கூரைக்குக் கீழே நிறுத்தவேண்டும்.

இந்த வேலைக்காரர்கள் எதற்காக வேலை செய்தார்கள்? கண்டி இராச்சியத்தில் கம்மாளர்களையும் தட்டார்களையும் மரவேலைக்காரர்களையும் 'கொட்டல் பத்த' என்ற அரச பிரிவு மேய்த்தது. அவர்களுக்குள் தேர்ந்த கைகளைப் 'பட்டல் ஹதர' எனப்பட்ட நான்கு அரச பட்டறைகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். கூலி, பெரும்பாலும் காசாகக் கிடைக்கவில்லை, வயலாகக் கிடைத்தது. 'இராசகாரியம்' எனப்பட்ட அரச சேவைக் கடமையைக் குடும்பம் செய்யும்வரை நிலம் குடும்பத்துடையது. ஆகவே ஒரு பையன் உலைக்கு முன் உட்கார்ந்ததற்குப் பின்னால் வீட்டாரின் சோறும் இருந்தது. நல்ல வேலைக்கு அரசன் பட்டமும் நிலமும் கொடுத்ததுண்டு என்பதால் பெருமையும் இருந்தது.

இந்த உலகத்தை எழுதி வைத்தவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்புத் தமிழரான சேர் முத்து குமாரசுவாமியின் மகன், படிப்பால் நிலவியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர், கல்லைத் தேடி ஊர் ஊராகப் போனபோது கைவினைஞர்களைக் கண்டெடுத்தார். 1908இல் வெளிவந்த அவருடைய 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற ஆங்கில நூல், ஒரு பையன் எப்படித் தொழில் பழகினான் என்பதையும் சொல்கிறது. முதற்பாடம் உளி பிடிப்பதல்ல. 'வக தெக' என்ற இரட்டை வளைவுக் கோட்டைத் திரும்பத் திரும்ப வரையவேண்டும். கை அதற்குப் படிந்தபிறகுதான் இலை, கொடி, அன்னம் எல்லாம். பரீட்சை கிடையாது; பக்கத்தில் தகப்பனோ மாமனோ இருப்பார்.

குமாரசுவாமி இந்த ஏற்பாட்டை மிகவும் மதித்தார். தொழிற்சாலை இதைக் கொல்கிறதென்று நொந்தார். மதிப்பதற்குக் காரணமும் இருந்தது. ஆனால் அந்த ஏற்பாட்டில் இரண்டு பேருக்கு வழி இல்லை: உலை பிடிக்காத கம்மாளன் மகனுக்கும், உலை பிடித்துப்போன வேறு சாதிப் பிள்ளைக்கும். பெண்பிள்ளையைப் பற்றிப் பேச்சே இல்லை.

1832இல் பிரித்தானிய அரசு இராசகாரியத்தை ஒழித்தது. விகாரை, தேவாலய நிலங்களில் மட்டும் சேவைக் கடமை தொடர்ந்தது. அரசனும் போய், கடமையும் தளர்ந்தபின் பித்தளைக்காரன் சந்தையை நம்பவேண்டியதாயிற்று. 1882இல் கண்டியில் தொடங்கிய கலைச் சங்கம் அவனுக்கு வாங்குவோரைத் தேடித் தர முயன்றது. அதற்கு முன்பே, 1867இல், கடுகண்ணாவைக் கணவாய் ஏறி ரயில் கண்டிக்கு வந்துவிட்டது. இயந்திரத்தோடு கூடவே மாதச் சம்பளம் என்ற புதிய ஆசையும் மலையேறியது. 1893இல் கொழும்பு மருதானையில் அரசாங்கத் தொழில்நுட்பப் பாடசாலை திறந்தது.

பிறகு வந்தது பல்கலைக்கழகம். 1950இல் கொழும்பில் தொடங்கிய பொறியியற்பீடம், பீடாதிபதி ஈ. ஓ. ஈ. பெரேராவின் காலத்தில், 1964இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. பிலிமத்தலாவையிலிருந்து பஸ்ஸில் சிறிது நேரப் பயணம். 1945 முதல் கல்வி இலவசம் என்பதால் கோட்பாட்டளவில் எந்தச் சாதிப் பிள்ளைக்கும் கதவு திறந்திருந்தது. நடைமுறையில் அது புள்ளிகளின் கதவு. 1970களின் தொடக்கத்தில் பேராதனைப் பொறியியலுக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளி போதுமென்றும், தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டுமென்றும் வைத்தார்கள். அந்த இருபத்துமூன்று புள்ளி ஒரு தலைமுறையின் கோபமாக மாறிய கதை எல்லாரும் அறிந்தது. அதிகம் பேசப்படாத இன்னொரு விளைவும் உண்டு. பொறியியல் என்றாலே இயந்திரம் நினைவுக்கு வராமல் வெட்டுப்புள்ளி நினைவுக்கு வரத் தொடங்கியது. இன்று அதன் பெயர் இசட் புள்ளி. ஒரு திருப்புளியைக்கூடக் கையில் எடுக்காமல் பொறியியற்பீடத்துக்குள் நுழைந்துவிடலாம். ரியூசன் வகுப்பைத் தவறவிட்டால் நுழைவது கடினம்.

2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்தது நல்ல திருத்தம். ஆனாலும் அதுவும் பரீட்சைதான். ரோபோ அணி அப்படியல்ல. அதற்குப் புள்ளி இல்லை, அதைச் செய்யாவிட்டால் நிலமும் போகாது.

அணி என்ற யோசனை அமெரிக்காவிலிருந்து வந்தது. விளையாட்டு வீரர்களைக் கொண்டாடும் பிள்ளைகள் பொறியியலாளரைக் கண்டுகொள்வதில்லையே என்ற ஆதங்கத்தில், டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் 1989இல் 'ஃபர்ஸ்ட்' அமைப்பைத் தொடங்கினார். 1992இல் ஒரு பாடசாலை விளையாட்டு அரங்கில் 28 அணிகளோடு முதல் போட்டி நடந்தது. 2017இல் அதன் வழிவந்த உலகப் போட்டிக்கு வொஷிங்டன் போக, ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகர மாணவிகளுக்கு இரண்டு தடவை விசா மறுக்கப்பட்டது. கடைசி நேரத்தில் கிடைத்துப் போனார்கள். கம்மாலை வாசலில் நிற்கவிடாத பிள்ளைகளுக்கு இந்த அணி என்னவாக இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் நடத்தும் ரோபோ போட்டியில் பாடசாலைப் பிரிவும் உண்டு. பேராதனைக் கணினிப் பொறியியல் மாணவர்களோ, கூட்டமாக இயங்கும் சின்னஞ்சிறு ரோபோக்களைச் செய்து பார்க்கிறார்கள்.

சான்றிதழுக்காக வரும் பிள்ளையைக் குறை சொல்லமுடியாது. வயலுக்காக உலையூதியவனின் பேரன்தானே. ஆனால் சான்றிதழைக் காட்டி அழைக்கும் ஆசிரியர் 1973இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வைத் தெரிந்திருப்பது நல்லது. மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும், படம் வரைய ஆசையுள்ள பாலர்களில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் பரிசுப் பத்திரம் என்று முன்கூட்டியே வாக்களித்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், பரிசுப் பேச்சே கேளாத பிள்ளைகள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் அவர்கள் வரைந்தார்கள். ஆசை இருந்த இடத்தில் கூலி வந்து உட்கார்ந்துவிட்டது.

ஆகவே பொறுப்பாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் மாதம் போட்டி, பதக்கம், சான்றிதழ் எதுவும் பேசவேண்டாம். ஒரு மோட்டர், ஒரு பற்றரி, இரண்டு சில்லு கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள். தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளையும் மாணவிகளையும் பெயர் சொல்லி அழையுங்கள். அவர்களாக வந்து கேட்கும்வரை காத்திருக்கவேண்டாம். கண்டிப் பக்கத்தில் இருந்தால், அணியை ஒரு சனிக்கிழமை பித்தளை வார்க்கும் பட்டறை ஒன்றுக்கும், அப்படியே எம்பெக்கேக்கும் கூட்டிப் போங்கள்.