தங்கவயலின் அடுப்படிச் சரித்திரம்

கோலார் தங்கவயலின் வரலாற்றைச் சொல்வோர் பொன்னின் எடையையும் சுரங்கத்தின் ஆழத்தையுமே முதலில் சொல்வர். 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே தொழில் தொடங்கினர். 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிற்று. இவை யாவும் ஏட்டில் ஏறிய செய்திகள். அவ்வூரில் அடுப்பு மூட்டி வாழ்ந்த குடும்பங்களுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அது ஏட்டில் ஏறாமல், உண்டவர் நினைவிலேயே தங்கி நிற்பது.

பாறையை உடைக்க வட ஆர்க்காட்டிலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் சென்றனர். சுரங்க நுட்பம் அறிந்தவர்கள் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வாலிலிருந்து வந்தனர். ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களும் அங்கே குடியேறின. ஒவ்வொருவரும் தத்தம் ஊர்ச் சுவையைக் கொண்டுவந்தனர். சுற்றிலும் கேழ்வரகு விளையும் பூமி. ஆதலின் களியுண்டு வளர்ந்த தமிழருக்கு அம்மண் அந்நியமாகத் தோன்றவில்லை.

கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர் உணவைப் பற்றி ஒரு செய்தி கேளுங்கள். இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் மாவில் பொதிந்து சுட்ட 'பாஸ்டி' என்ற பண்டமே அவர்கள் கட்டுச்சோறு. கம்பெனியின் மூலவரான ஜான் டெய்லர் தொடர்பு கொண்டிருந்த மெக்சிகோவின் ரியல் தெல் மோந்தே வெள்ளிச் சுரங்கங்களுக்கும் 1820-களில் கார்ன்வால் மக்கள் சென்றனர். அந்த ஆங்கிலக் கம்பெனி சில பத்தாண்டுகளில் அங்கிருந்து விலகிவிட்டது. அவர்கள் கொண்டுசென்ற பண்டமோ 'பாஸ்தே' என்று பெயர் திரிந்து, உள்ளே மிளகாயும் ஏற்று, இன்றும் அங்கே விற்பனையாகிறது. முதலாளி போனான், முதல் போயிற்று, பண்டம் நின்றது.

இந்நாட்டு ஆங்கிலோ-இந்தியர் சமையலறையிலும் இத்தகைய கலப்பைக் காணலாம். நம் மிளகு ரசத்தை அவர்கள் 'பெப்பர் வாட்டர்' என்று சோற்றில் ஊற்றி உண்டனர். கிறிஸ்துமஸ் நெருங்கினால் வீடு முழுவதும் வேலையில் இறங்கும். உலர்ந்த பழங்களை முன்கூட்டியே மதுவில் ஊறவைப்பர். சர்க்கரையைக் கருக்கி, கேக்குக்கு நிறம் ஏற்றுவர். ரொட்டி சுடும் அடுப்பு இல்லாத வீட்டில், மணல் பரப்பிய பாத்திரத்துள் கேக்கை வைத்து, மூடிமேலும் தணல் இட்டுச் சுடுவதுண்டு. பிசைந்த மாவைப் பேக்கரிக்கு அனுப்பிச் சுட்டு வாங்குவதும் உண்டு. தேங்காய்ப்பால் சேர்த்த மாவைச் சிறுவர்கள் முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்டினால் அது 'கல்கல்'. இரும்பு அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிப்பதை அவர்கள் 'ரோஸ் குக்கி' என்றனர்; நாம் அச்சுமுறுக்கு என்றோம். பெயர் இரண்டு, பண்டம் ஒன்று.

1956-இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அவை மூடப்பட்டன. வேலை இழந்த குடும்பங்களில் பல வெளியூர் சென்றன. அங்கேயே நிலைத்த பலர் வைகறை ரயிலேறிப் பெங்களூருக்குப் பிழைப்புத் தேடிச் செல்லலாயினர். தெரு கலைந்தபோது, பக்கத்து வீட்டுப் பலகாரத் தட்டும் நின்றது. தங்கவயலில் பிறந்து வளர்ந்த பிரிட்ஜெட் வைட்-குமார் ஆங்கிலோ-இந்தியச் சமையல் நூல்கள் பலவற்றை எழுதினார். தம் ஊரின் நினைவுகளையும் தனி நூலாக்கினார். இரண்டையும் ஒரே கை எழுதியது பொருத்தமே. ஊரை நினைப்பவருக்கு அதன் உணவும், உணவை நினைப்பவருக்கு அதன் ஊரும் முன்வந்து நிற்கின்றன.

பிற மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களே! நம் பாட்டிமார் அளவுகளை எழுதி வைத்தாரில்லை. கண்ணளவு, கையளவு, ஒரு சிட்டிகை என்பவையே அவர்தம் கணக்கு. அந்தக் கை ஓய்ந்தால் கணக்கும் ஓய்ந்துவிடும். ஆகவே, அடுத்த பண்டிகைக்குப் பலகாரம் செய்கையில் வீட்டு மூத்தவரை அருகில் இருத்திக்கொள்ளுங்கள். அவர் அள்ளும் மாவை ஒருமுறை படியில் அளந்து, பண்டத்தின் பெயரோடு அது வந்த ஊரின் பெயரையும் குறித்து வையுங்கள். தங்கவயலின் பொன்னை எடைபோட்டுக் கணக்கெழுத ஆள் இருந்தது. நம் வீட்டுக் கணக்கை எழுத நம்மையன்றி வேறு யாருளர்?