முடிவுரைக்குப் பிறகு எங்கள் ஊர்

'பொன்னியின் செல்வன்' படித்து முடித்தவர்களுக்கு ஒரு வெறுமை வரும். அஞ்சு பாகமும் படிச்சாச்சு, வந்தியத்தேவனும் குந்தவையும் அப்புறம் என்ன ஆனாங்க? 1954-ல் தொடர் முடிந்தபோதும் வாசகர்கள் இதையேதான் கேட்டார்கள். கல்கி முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில் இறந்தும்போனார்.

அந்த வெறுமையை நிரப்பப் பலர் வந்தார்கள். 'அமுதசுரபி' ஆசிரியர் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். பின்னால் பாலகுமாரனின் ஆறு பாக 'உடையார்', அனுஷா வெங்கடேஷின் 'காவிரி மைந்தன்'. இவர்களுக்கு இடம் கொடுத்தது வரலாறுதான். கல்கியின் கதை உத்தமச் சோழனுக்கு முடிசூட்டுவதோடு நின்றுவிடுகிறது. அருள்மொழி ராஜராஜனாக அரியணை ஏறியது 985-ல். நடுவே பத்துப் பதினைந்து வருஷம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்கிறது. அவ்வளவுதான். அந்த ஒரு குறிப்புக்குள் எத்தனை காதல் கதை வேண்டுமானாலும் எழுதலாம்.

நான் இதையெல்லாம் படித்தது ஓசூரில், சிப்காட் போகும் கம்பெனி பஸ்ஸில். பக்கத்து சீட் அக்காவுக்குச் சொந்த ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், மாலூர். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ். தினமும் கொஞ்சம் கதை கேட்பார்.

"ராஜா ஆனதும் என்ன பண்ணாரு தம்பி?"

"கங்கபாடி, நுளம்பபாடி எல்லாம் ஜெயிச்சாருக்கா."

"அது எங்க இருக்கு?"

"இந்தப் பக்கம்தான். தர்மபுரில இருந்து உங்க கோலார், தலக்காடு வரைக்கும்."

"அப்போ எங்க ஊரைத்தான் பிடிச்சாரா!" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாள் அந்தப் பெயர்களை மெய்க்கீர்த்தியில் வரும் அலங்காரம் என்றே கடந்துபோயிருக்கிறேன். 1004 வாக்கில் தலக்காடு வீழ்ந்தது, கங்கர் ஆட்சி முடிந்தது. எங்கள் பகுதிக்கு நிகரிலிச் சோழமண்டலம் என்று பெயர் வந்தது. 1007-ஐ ஒட்டிய ஹொட்டூர்க் கல்வெட்டு சாளுக்கியர் பக்கத்துச் சாட்சி. சோழப் படை நாட்டைச் சூறையாடியது, பெண்களையும் குழந்தைகளையும் அந்தணரையும் கொன்றது என்கிறது அது. எதிரி வெட்டிய கல், மிகை இருக்கும். ஒன்பது லட்சம் படை என்பதை யார் நம்புவது? ஆனால் மெய்க்கீர்த்தியும் ஒரு தரப்பு வெட்டிய கல்தானே. அதை மட்டும் ஏன் அப்படியே நம்பினேன்?

நாவலில் நான் காதலித்த அதே அருள்மொழியின் படைதான் இது. அவன் தியாகத்துக்கு அழுதது பொய்யில்லை. அந்த அன்புதான் அடுத்த பக்கத்தைப் பார்க்கவிடாமல் கண்ணை மறைத்தது.

மறுநாள் அக்காவிடம் ஹொட்டூர் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொம்பளைங்க கதைய யாராச்சும் எழுதியிருக்காங்களா தம்பி?"

என் கையில் இதுவரை கிடைக்கவில்லை. பொன்னியின் செல்வனுக்கு இன்னும் ஒரு தொடர்ச்சி வருமென்றால், நான் காத்திருப்பது அதற்குத்தான்.