பத்மினி பிரகாஷ்: மாலை 7 மணிச் செய்தி வாசித்த திருநங்கை

லாபு, ரந்தாவ், பகாவ்... நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்த உங்க தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். டிவியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர்களின் முகமும் குரலும் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தினமும் வீட்டுக்குள் வந்து போகிறவர் கிட்டத்தட்ட சொந்தக்காரர் மாதிரிதானே? அந்த நாற்காலியில் யாரெல்லாம் உட்காரலாம்? 2014-இல் கோயம்புத்தூரில் ஓர் உள்ளூர் சேனல் இந்தக் கேள்விக்குப் புதிய பதில் சொன்னது.

யார் இந்த பத்மினி?

2014 ஆகஸ்ட் 15, இந்தியாவின் சுதந்திர தினம். லோட்டஸ் நியூஸ் சேனலின் மாலை 7 மணிச் செய்தியை வாசித்தார் பத்மினி பிரகாஷ். அப்போது அவருக்கு வயது 31. இந்தியாவின் முதல் திருநங்கை செய்தி வாசிப்பாளர் என்று ஊடகங்கள் அவரைக் குறிப்பிட்டன.

அதற்கு முன்பு?

குடும்பம் ஏற்றுக்கொள்ளாததால் 13 வயதிலேயே வீட்டை விட்டு வெளியேறினார். தொலைதூரக் கல்வியில் பி.காம் சேர்ந்தார், பணமில்லாமல் பாதியில் நின்றுபோனது. ஆனால், பரதநாட்டியத்தை விடவில்லை. திருநங்கைகளுக்கான அழகிப் போட்டிகளில் வென்றார், டிவி தொடரில் நடித்தார், திருநங்கைகளின் உரிமைக்காகவும் குரல் கொடுத்தார். பிறகு தனக்கென்று ஒரு குடும்பத்தையும் அமைத்துக்கொண்டார்: வாழ்க்கைத் துணை, தத்தெடுத்த மகன்.

கேமரா முன்னால் நின்று பழகியவருக்குச் செய்தி வாசிப்பது சுலபமா?

இல்லைங்க. நடனத்தில் முகமும் கையும் பேசும். செய்தியில் முகம் அடங்கி இருக்க வேண்டும், வார்த்தை தெளிவாக விழ வேண்டும். ல, ள, ழ மூன்றும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். வேகமும் ஒரே சீராகப் போக வேண்டும். உச்சரிப்பையும் வேகத்தையும் நினைத்துத்தான் முதலில் பயந்ததாக பத்மினியே சொல்லியிருக்கிறார். பயிற்சி எடுத்த பிறகுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்த ஆண்டு வேறென்ன நடந்தது?

2014 ஏப்ரல் 15-இல் இந்திய உச்ச நீதிமன்றம் திருநங்கைகள் உள்ளிட்டோரை மூன்றாம் பாலினமாக அங்கீகரித்தது. அதற்குச் சரியாக நான்கு மாதம் கழித்து பத்மினி திரையில் வந்தார். தமிழ்நாடு 2008-லேயே திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்திருந்தது. அதே ஆண்டு விஜய் டிவியில் ரோஸ் 'இப்படிக்கு ரோஸ்' நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார்.

அப்படியென்றால் பத்மினியிடம் என்ன புதுசு?

பேச்சு நிகழ்ச்சியில் தொகுப்பாளரின் ஆளுமைக்கு இடம் உண்டு. செய்தியில் அது கிடையாது. வாசிப்பவர் சொல்வதை மக்கள் நம்ப வேண்டும், அவ்வளவுதான். ஒரு திருநங்கையை அந்த நம்பிக்கைக்குரிய இடத்தில் உட்கார வைத்ததுதான் புதுசு.

மற்ற நாடுகளில்?

பாகிஸ்தானில் மார்வியா மாலிக் 2018-இல் செய்தி வாசித்தார். பங்களாதேஷில் தஷ்னுவா அனான் ஷிஷிர் 2021 மார்ச் 8, மகளிர் தினத்தன்று முதல்முறையாகத் திரையில் தோன்றினார்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

பத்மினி வீட்டை விட்டுப் போனது 13 வயதில். செய்தி வாசித்தது 31 வயதில். இடையில் 18 ஆண்டுகள். உங்கள் தாமானிலோ தோட்டத்திலோ இன்று 13 வயதில் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். அந்தப் பிள்ளை படிப்பை முடிக்குமா என்பது பெரும்பாலும் வீட்டுக் கதவு திறந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது.