பதினொரு பேர்

வெனிசுலா நாட்டின் தலைநகராம் கராகசில், 1975-ஆம் ஆண்டு, கார் நிறுத்தும் கொட்டகையொன்றில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு 100 இளைஞருக்கு இடம் செய்து காத்திருந்தார். வந்தவர் 11 பேரே. பொருளியல் அறிஞராகிய அவர் கணக்குப் பார்த்து இல்லம் திரும்பியிருக்கலாம், திரும்பவில்லை. அன்று தொடங்கிய கூட்டிசை, ஏழைச் சிறார் வாழும் பகுதிகளிலெல்லாம் கட்டணமில்லா இசைப்பள்ளிகளாய்ப் பெருகிற்று. தனித்துப் பயின்று தேறிய பின்னரே குழுவில் சேர்வது பழைய முறை. அப்ரேயுவோ தொடக்கத்திலேயே குழந்தையைக் குழுவில் அமர்த்தினார். சற்றே கற்ற சிறுவன் கல்லாதவனுக்கு ஆசிரியனானான். வகுப்பறையில் நின்றவர்க்கு இதன் அருமை விளங்கும். அவ்வழி வளர்ந்த குஸ்தாவோ டுடாமெல் 2009-இல் லாஸ் ஏஞ்சலிஸ் இசைக்குழுவின் இயக்குநரானார். ஆட்சிகள் மாறியும் அப்ரேயு அரசின் பொருளுதவியை இழந்திலர். அதற்கு அவர் தந்த விலை மௌனம் என்பாருமுளர். அப்பழி 2018-இல் அவர் மறைந்த பின்னும் தீரவில்லை.