வராத காய்ச்சலின் வரலாறு

சென்னையிலிருந்து நைஜீரியாவுக்கோ கென்யாவுக்கோ பணிநிமித்தம் செல்பவர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற ஓரிடத்தில் ஊசி போட்டுக்கொண்டு, மஞ்சள் நிறச் சிற்றேடு ஒன்றைப் பெற்றுச் செல்வது வழக்கம். போகிற நாட்டில் தம்மைக் காப்பதற்கே அந்த ஊசி என்று பலரும் எண்ணுகின்றனர். அது பாதி உண்மை. திரும்பி வரும்போது அவர்களிடமிருந்து இந்தியாவைக் காப்பது மறுபாதி. அச்சான்று இல்லாமல், நோயுள்ள நாட்டிலிருந்து ஆறு நாள்களுக்குள் வந்து இறங்குபவரைத் தனிமையில் வைப்பதற்கு நம் சட்டத்தில் இடமுண்டு. இத்தனைக்கும் இந்திய மண்ணில் அந்த நோய் பரவியதாக இன்றுவரை பதிவே இல்லை.

மஞ்சள் காய்ச்சலை நம்மூர் மஞ்சள் காமாலையோடு குழப்பிக்கொள்ளலாகாது. இது வைரஸ் காய்ச்சல். முற்றினால் ஈரல் கெட்டு உடல் மஞ்சளாகும், இரத்த வாந்தி வரும். கொசுதான் இதைக் கடத்துகிறது என்று கியூபாவின் கார்லோஸ் ஃபின்லே 1881-இல் சொன்னபோது நம்பியவர் சிலரே. 1900-இல் வால்டர் ரீடின் குழு அதை மெய்ப்பித்தது. அக்கொசு நமக்கு அந்நியமன்று. டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் அதே ஏடிஸ்தான். நம் வீட்டுத் தொட்டியிலும் குடத்திலும் மூடாத நீரில் பிறப்பது. கடத்துவதற்குக் கொசு உண்டு, எதிர்ப்பாற்றல் இல்லாத கோடிக்கணக்கான மக்கள் உண்டு, வைரஸ் மட்டும் இல்லை என்பதுதான் இந்தியாவின் நிலை.

கப்பல் காலத்தில் தொலைவே நமக்கு அரணாக இருந்தது எனலாம். அட்லாண்டிக்கைக் கடந்த அடிமைக் கப்பல்களின் குடிநீர்ப் பீப்பாய்களில் ஏடிஸ் பெருகியது. அவ்வாறே நோயும் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. ஆசியாவை நோக்கி வந்த நெடும்பயணங்களில் அந்தச் சங்கிலி தொடரவில்லை. (வேறு காரணங்களும் சொல்லப்படுகின்றன, டெங்குக் காய்ச்சல் கண்டவர்க்கு ஓரளவு பாதுகாப்புக் கிட்டுகிறது என்பது அவற்றுள் ஒன்று. இவ்விவாதம் இன்னும் முடிந்தபாடில்லை.) 1914-இல் பனாமா கால்வாய் திறக்கப்படுமுன்னரே அச்சம் எழுந்தது. நோய் நிலவிய கரைகளுக்கும் ஆசியாவுக்கும் இடையே வழி குறுகுகிறதே என்று இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த எஸ். பி. ஜேம்ஸ் போன்றோர் கவலைகொண்டு எழுதினர்.

ஆனால் ஆபத்தின் திசை மேற்கே பனாமா அன்று, ஆப்பிரிக்கா என்பதை விமானம் காட்டிற்று. 1929-இல் இம்பீரியல் ஏர்வேஸ் இலண்டனிலிருந்து கராச்சிக்கு வழி திறந்தது. 1932-இல் அதன் ஆப்பிரிக்க வழி கேப் டவுன் வரை நீண்டது. இரண்டு வழிகளும் எகிப்தில் சந்தித்தன. நோய்க்கிருமி உடலில் புகுந்து காய்ச்சலாக வெளிப்பட மூன்று முதல் ஆறு நாள்கள் ஆகும். கப்பலில் வந்தால் நடுக்கடலிலேயே நோய் தெரிந்துவிடும். விமானத்தில் வருபவனோ நலமாக இறங்கி, வீடு சேர்ந்து, மறுநாள் படுப்பான். துறைமுக வாசலில் நோயாளியைத் தேடும் பழைய முறை இந்தக் கணக்கின் முன் பயனற்றுப்போயிற்று. பயணியை விட்டாலும் கொசுவை விடமுடியாது. சாயமேற்றிய கொசுக்களை விமானத்தில் விட்டு, அவை இறங்குமிடம் வரை உயிரோடு வந்து சேர்வதை அமெரிக்கப் பொதுநல மருத்துவர் கிரிஃபிட்ஸ் 1931-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

இவற்றின் விளைவே 1933-இல் ஹேக் நகரில் கையெழுத்தாகி 1935-இல் நடைமுறைக்கு வந்த வான்பயணச் சுகாதார உடன்படிக்கை. நோயுள்ள நாடுகளின் விமான நிலையங்கள் குடியிருப்புகளுக்கு அப்பால் அமையவேண்டும், பயணிகளும் விமானிகளும் கொசு புகாத கட்டடங்களில் தங்கவேண்டும் என்றெல்லாம் அது விதித்தது. விமானங்களுக்குள் பைரெத்ரம் தெளிக்கும் பழக்கமும் அந்தப் பத்தாண்டுகளில் வேரூன்றியதுதான். பைரெத்ரம் செவ்வந்தி இனத்துப் பூவொன்றிலிருந்து எடுப்பது; கென்யா அதனைப் பெரிய அளவில் பயிரிட்டது.

விதிகளை விட இரத்தத்தின் கதை பெரிது. 1927-இல் கோல்டு கோஸ்டில் (இன்றைய கானா) அசிபி என்னும் ஆப்பிரிக்கர் லேசாகக் காய்ச்சலுற்றுப் பிழைத்தார். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் அவருடைய இரத்தத்தை ஒரு ரீசஸ் குரங்குக்குச் செலுத்தினர். ஆப்பிரிக்கக் குரங்குகள் இந்நோயைத் தாங்கிக்கொள்பவை. ஆசியக் காடுகளுக்கு உரிய ரீசஸோ மாண்டது. இந்தியா அஞ்சியதற்கு அதைக்காட்டிலும் நேரான சான்று வேறென்ன வேண்டும்? அதே ஆண்டில் அக்குழுவின் ஏட்ரியன் ஸ்டோக்ஸ் நோய்க்குப் பலியானார். மறு ஆண்டு ஆக்ராவில் ஜப்பானிய அறிஞர் ஹிடேயோ நோகுச்சி இறந்தார் (நம் ஆக்ரா அன்று, கானாவின் தலைநகர்). அசிபியின் இரத்தத்திலிருந்து பெற்ற வைரஸை மாக்ஸ் டெய்லரும் தோழர்களும் கோழிக்கருத் திசுவில் நூறு முறைக்கு மேல் வளர்த்து வலுவிழக்கச் செய்தனர். 1937-இல் 17டி தடுப்பூசி பிறந்தது. டெய்லருக்கு 1951-இல் நோபெல் பரிசு கிடைத்தது. இன்று கிண்டியில் போடப்படும் ஊசியும் அசிபியின் இரத்தத்து வழிவந்ததே. அவரை நினைப்பவர் யாருமில்லை.

இதற்கிடையே டெய்லரின் எலிச் சோதனை அச்சத்தைக் கிழக்கே நகர்த்தியது. ஒருவரின் சீரத்தை வைரஸோடு சேர்த்து எலிக்குச் செலுத்தி எலி பிழைத்தால், அவர் முன்னர் எப்போதோ நோய்க்கு ஆளானவர் என்று பொருள். நோயே இல்லை என்றிருந்த சூடானிலும் அத்தகையோர் இருந்தனர். 1940-இல் அங்குள்ள நூபா மலைகளில் நோய் வெடித்து ஏறத்தாழ 1,500 பேரைக் கொன்றது. போர்க்கால அமெரிக்க விமானங்களோ ஆக்ரா, கார்ட்டூம் வழியே கராச்சிக்கு வந்துகொண்டிருந்தன. அன்றைய இந்தியச் சுகாதார அதிகாரிகளின் கண்டிப்பு மற்றவர்களுக்கு எரிச்சலூட்டியது. அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் கருத்து. காலனி அரசு இந்தியரின் உயிரைப் பெரிதாக மதித்தது என்று இதற்குப் பொருளன்று. ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் அதனை வெளியேற்ற வழியில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். விடுதலைக்குப் பின் 1954-இல் இயற்றப்பட்ட வான்பயணப் பொதுச் சுகாதார விதிகளும் அக்கண்டிப்பைத் தொடர்ந்தன.

ஒருமுறை இக்காட்சி தலைகீழானது. 1994 செப்டம்பரில் சூரத்தில் பிளேக் என்றதும் வளைகுடா நாடுகள் இந்திய விமானங்களை நிறுத்தின. ஐம்பதைச் சற்றே கடந்த சாவுகள். வெளிநாடு எதிலும் இந்தியாவிலிருந்து வந்த பிளேக் நோயாளி ஒருவர்கூட உறுதிசெய்யப்படவில்லை. ஆயினும் ஏற்றுமதியும் சுற்றுலாவும் வீழ்ந்தன. பிறரை ஐயுற்றே பழகிய நாடு, ஐயத்துக்கு ஆளாவதன் விலையை அன்று அறிந்தது.

அஞ்சியது ஏறக்குறைய நடந்தது 2016-இல்தான். அங்கோலாவின் லுவாண்டாவில் 2015 டிசம்பரில் தொடங்கிய கொள்ளைநோய்க்கிடையே, அங்கு பணிபுரிந்த சீனர் 11 பேர் கிருமியோடு விமானத்தில் ஊர் திரும்பினர். ஆசியாவில் உறுதிசெய்யப்பட்ட முதல் மஞ்சள் காய்ச்சல் நோயாளிகள் அவர்களே. சான்று கேட்கும் விதியெல்லாம் ஏட்டில் இருந்தும் பலர் உரிய காலத்தில் ஊசி போட்டிருக்கவில்லை. பெய்ஜிங்கில் கொசுப் பருவம் தொடங்கியிராத மார்ச் மாதம் அது. அங்கிருந்து நோய் யாருக்கும் பரவவில்லை.

அவ்வாண்டு ஜூலை 11 முதல், பத்தாண்டுக்கு ஒருமுறை ஊசி என்ற பழைய விதி நீங்கி, ஒருமுறை போட்ட ஊசிக்கான சான்று வாழ்நாள் முழுதும் செல்லும் என்றானது. ஆகஸ்டில், அங்கோலாவை அடுத்த காங்கோவின் கின்ஷாசாவில் இலட்சக்கணக்கானோர் ஊசிக்கு வரிசையில் நின்றனர். உலகக் கையிருப்பு போதவில்லை. ஆளுக்கு முழு அளவில் ஐந்தில் ஒரு பங்கே போடப்பட்டது.