படத்துக்கு முன் நடை: இடுப்பு வலியின் காரணத்தைத் தேடும் வரிசை குறித்து

நடந்தால் இடுப்பு வலிக்கிறது என்று வருபவரின் கையில் முதலில் சேர்வது பெரும்பாலும் எக்ஸ்ரே சீட்டுதான். படத்தில் தேய்மானம் தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது, தெரியாவிட்டால் 'ஒன்றுமில்லை'. இந்த வரிசை தலைகீழானது என்பது இக்கட்டுரையின் வாதம். வலிக்கும் இடத்தை நோயாளி கைவைத்துக் காட்ட வேண்டும்; அறைக்கு வெளியே நாலு எட்டு நடந்தும் காட்ட வேண்டும். எந்தப் படம் வேண்டும், படமே வேண்டுமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு எழ வேண்டிய கேள்விகள்.

அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் மக்கள் ஆய்வுத் தரவுகளைக் கொண்டு 2015இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை இதற்கு வலுவான சான்று. அடிக்கடி வலித்த இடுப்பு மூட்டுகளில் 15.6 விழுக்காட்டில் மட்டுமே எக்ஸ்ரே தேய்மானத்தைக் காட்டியது. தேய்மானம் தெரிந்த மூட்டுகளிலோ 20.7 விழுக்காடே அடிக்கடி வலித்தன. ஆகவே படத்தை மட்டும் நம்புபவர் இரு பக்கமும் தவறுவார்: வலிக்குக் காரணமல்லாத தேய்மானத்துக்கு வைத்தியம் செய்வார், படத்தில் தெரியாத காரணத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

கை எங்கே போகிறது என்பது நிறையச் சொல்லும். மூட்டுக்குள் கோளாறு என்றால் கை பெரும்பாலும் தொடை இடுக்குக்குப் போகும். சிலருக்கு இடுப்பே வலிக்காது, முழங்கால்தான் வலிக்கும். முழங்காலையே திரும்பத் திரும்பப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். மூட்டுத் தேய்மானத்தில் தொடையை உள்நோக்கித் திருப்பும் அசைவு முந்திக் குறைகிறது. கால் நகம் வெட்டவும் செருப்பு வாரை மாட்டவும் சிரமமாக இருக்கிறதா என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும். கை பிட்டத்துக்குப் போனால் முதுகெலும்பை நினைக்க வேண்டும். தண்டுவடக் கால்வாய் குறுகியவருக்கு நடந்தால் வலி ஏறும், குனிந்தால் தணியும். சைக்கிளில் எளிதாகப் போய்விடுவார். ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவருக்கோ நடையை நிறுத்தி நின்றாலே போதும், குனிய வேண்டியதில்லை.

அதிகம் பிழை நடப்பது வெளிப்பக்க வலியில். படுக்கையில் அந்தப் பக்கம் ஒருக்களிக்க முடியாது, மாடிப்படி ஏறினால் சுருக்கென்று பிடிக்கும், விரலால் அழுத்தினால் புடைப்பெலும்பின் மேல் வலி துல்லியமாகத் தெரியும். நடுவயதுப் பெண்களிடம் இது மிகுதி. நெடுங்காலமாக இதற்கு 'பர்சைட்டிஸ்', அதாவது நீர்ப்பை அழற்சி, என்று பெயரிட்டு ஸ்டீராய்டு ஊசி போட்டு வந்தார்கள். ஆனால் இத்தகைய வலிக்காக எடுத்த 877 அல்ட்ராசவுண்ட் படங்களை 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அலசியபோது, ஏறக்குறைய எண்பது விழுக்காட்டில் அந்த அழற்சியே காணப்படவில்லை. பாதிப் பேருக்குப் பிட்டத் தசைநாண் நலிந்திருந்தது. நலிந்த தசைநாணுக்கு வேண்டியது படிப்படியாகக் கூட்டப்படும் பளு. ஆஸ்திரேலியாவில் 204 பேரிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட சோதனையில், எட்டு வாரங்களில் நலமடைந்ததாகச் சொன்னவர்கள் பயிற்சியும் விளக்கமும் பெற்றோரில் 77.3 விழுக்காடு, ஊசி போட்டுக்கொண்டோரில் 58.5, சும்மா காத்திருந்தோரில் 29.4. ஓராண்டு கழித்து வலியின் அளவில் ஊசிக்கும் பயிற்சிக்கும் வேறுபாடு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் மொத்த முன்னேற்றத்தில் பயிற்சியே முந்தி நின்றது. அந்த 'விளக்கம்' பெரிய வித்தையல்ல: ஒரு காலில் சாய்ந்து நிற்காதே, கால்மேல் கால் போடாதே, ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கிடையில் தலையணை வை. தொடை உள்பக்கம் சாயும்போதெல்லாம் தசைநாண் எலும்போடு நசுங்குகிறது என்பதே காரணம்.

அந்தத் தசைநாணுக்குரிய பிட்டத் தசையின் வேலையை நடையில் கண்ணாலேயே பார்க்கலாம். ஒற்றைக் காலில் நிற்கும் ஒவ்வொரு கணமும் மறுபக்க இடுப்பு கீழே சரியாமல் பிடித்திருப்பது அதுதான். பிறவி மூட்டு விலகலில் நடை சரிவதற்கு இத்தசை செயலிழப்பதே காரணம் என்று ஃபிரீட்ரிக் டிரெண்டலன்பர்க் 1895இல் காட்டினார். மூட்டின் மையத்திலிருந்து தசை எலும்பில் இழுக்கும் தூரம் குறைவு. உடல் எடை அழுத்தும் தூரம் அதிகம். அதனால் தசை எடையைவிடப் பலமாக இழுக்க, மூட்டின் மேல் இரண்டும் சேர்ந்து ஏறுகின்றன. உணர்கருவி பதித்த செயற்கை மூட்டுகளில் பெர்லினில் அளந்தபோது, சாதாரண நடையில் உடல் எடையைப் போல் சுமார் 2.4 மடங்கு சுமை பதிவானது. ஊன்றுகோலை எதிர்ப்பக்கக் கையில் பிடித்தால் அத்தசையின் இழுப்பு குறைந்து மூட்டும் இளைப்பாறும். 'ஹவுஸ்' என்ற அமெரிக்கத் தொடரின் மருத்துவ நாயகனே நொண்டும் காலின் பக்கம்தான் கோலூன்றுகிறார். மற்றவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

படத்தைப் பின்னுக்குத் தள்ளினால் ஆபத்தான நோய் தப்பிவிடாதா என்ற மறுப்பு நியாயமானது. தொடையெலும்புத் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு சாகும் நோயே அதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஸ்டீராய்டு மருந்தும் மிகுகுடியும் அதன் முக்கியக் காரணங்கள். கொரோனாவுக்கு ஸ்டீராய்டு எடுத்தவர்களிடம் அதைக் கண்டதாக 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆனால் தொடக்கத்தில் அதை எக்ஸ்ரே காட்டாது, எம்.ஆர்.ஐ. காட்டும். முப்பத்தைந்து வயதுக்காரர் தொடை இடுக்கைத் தொட்டுக் காட்டி நொண்டி நடக்கிறார், முன்பு ஸ்டீராய்டு எடுத்திருக்கிறார் என்றால், எக்ஸ்ரேயில் குறையில்லை என்பது அவரை அனுப்பிவிடக் காரணமாகாது. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது இரு இடுப்புகளையும் சேர்த்தே எடுக்கச் சொல்ல வேண்டும். வலிக்காத பக்கத்திலும் இந்நோய் தொடங்கியிருப்பது அரிதல்ல.